ஃபார்வர்டில் "நட்டம்" என்று சொல்வது சரியா? அந்நியச் செலாவணி, வட்டி இடர்காப்பு குறித்த ஐயங்கள்

இருப்புநிலை (கேள்வி)

வணக்கம். இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். அதற்கு முன் உள்தணிக்கையில் இருந்தவன்; கணக்குப் பார்க்கத் தெரியுமே தவிர, நாணயச் சந்தையோடு நேரடிப் பழக்கம் இல்லை. எங்கள் கணக்கு நாணயம் யூரோ. செலவுகளில் பெரும்பகுதி யூரோவில் நிகழ்கிறது. விற்பனையில் ஏறத்தாழப் பாதி டாலரில் வருகிறது. ஆர்டர் உறுதியான நாளிலிருந்து பணம் கைக்கு வரும் நாள் வரை சில சமயம் ஓராண்டு ஆகிவிடுகிறது. இது தவிர 2 கோடி யூரோ ஐந்தாண்டுக் கடன் ஒன்று இருக்கிறது. மூன்று மாத யூரிபோருடன் (வங்கிகளுக்கு இடையிலான யூரோக் கடன் வட்டி விகிதம்) 1.5 சதவீதம் சேர்த்து அதற்கு வட்டி கணக்கிடப்படுகிறது. அசல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சம தவணைகளாகக் குறைகிறது.

எனக்கு முன் இருந்தவர் வரவேண்டிய டாலர்களில் ஒரு பகுதியை ஃபார்வர்டு (பிற்காலத்தில் மாற்றும் விலையை இன்றே உறுதிசெய்யும்) ஒப்பந்தங்கள் மூலம் முன்கூட்டியே விற்று வைத்திருந்தார். அதன்பின் டாலர் வலுத்துவிட்டது. காலாண்டுக் கணக்கில் "டெரிவேட்டிவ் நட்டம்" (ஃபார்வர்டு போன்ற, சந்தை விலையைச் சார்ந்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்களின் நட்டம்) என்று ஒரு வரி தனியே தெரிந்ததும், "சூதாடியது போதும், இனி எதையும் விற்று வைக்க வேண்டாம்" என்று இயக்குநர் குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. அவர்கள் சொல்வது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏன் தவறு என்று அவர்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. வங்கி சொல்லும் ஓராண்டு ஃபார்வர்டு விலை எப்போதும் இன்றைய விலையைவிட எங்களுக்குப் பாதகமாகவே இருக்கிறது. இந்த வித்தியாசம் வங்கியின் லாபமா? வேறொரு வங்கி, ஃபார்வர்டைவிட நல்ல விலையில், "கட்டணமே இல்லாத" ஆப்ஷன் திட்டம் ஒன்றைக் காட்டுகிறது, அதை ஏற்கலாமா? கடனுக்கும் வட்டி ஸ்வாப் (மாறும் வட்டிக்குப் பதில் நிலையான வட்டி கட்டும் ஒப்பந்தம்) எடுக்கச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முன்பேரம்

நண்பரே, நிறுவனக் கருவூலப் பிரிவுகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்த விலை வித்தியாசத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானே தெளியும்.

ஃபார்வர்டு விலை என்பது ஓராண்டுக்குப் பின் டாலர் எங்கே இருக்கும் என்று எவரும் கணித்துச் சொல்வதல்ல. இன்றைய விலையையும் இரு நாணயங்களின் வட்டி விகிதங்களையும் வைத்துப் போடப்படும் வெறும் கணக்கு. இன்று ஒரு யூரோ 1.10 டாலர் என்றும், ஓராண்டு வட்டி யூரோவுக்கு 2 சதவீதம், டாலருக்கு 4 சதவீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஓராண்டு கழித்து 10 லட்சம் டாலர் வரப்போகிறது. ஃபார்வர்டு என்று ஒன்று இல்லாமலே இதை இன்றே யூரோவாக்க முடியும்: 9,61,538 டாலர் கடன் வாங்கி, 1.10 விலையில் 8,74,126 யூரோவாக மாற்றி, அதை 2 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டால் ஆண்டு முடிவில் 8,91,608 யூரோ கையில் இருக்கும். வாடிக்கையாளர் தரும் 10 லட்சம் டாலர், 4 சதவீத வட்டியோடு சேர்ந்த டாலர் கடனை மிச்சமின்றி அடைத்துவிடும். அந்த 8,91,608 யூரோவுக்கு ஈடான விலை 1.1216. வங்கி உங்களுக்குச் சொல்லும் ஃபார்வர்டு விலை இதற்கு மிக அருகில்தான் இருக்கும். இன்றைய விலையில் மாற்றினால் 9,09,091 யூரோ வந்திருக்குமே, 17,483 யூரோ எங்கே போயிற்று என்று குழுவில் கேட்பார்கள். அது இரு நாணயங்களுக்கு இடையிலான வட்டி வித்தியாசம். வங்கியின் லாபம் அந்த 1.1216க்கு மேல் அது சேர்த்துக்கொள்ளும் சிறு பங்கு மட்டுமே. ஒரே நிமிடத்தில் இரண்டு மூன்று வங்கிகளிடம் விலை கேட்டால் அந்தப் பங்கு எவ்வளவு என்பது வெளிப்பட்டுவிடும்.

இனி "நட்டம்". மேற்கண்ட ஃபார்வர்டை எடுத்த பிறகு டாலர் வலுத்து, முதிர்வு நாளில் ஒரு யூரோ 1.05 டாலர் என்று ஆகிவிட்டது என்போம். விற்று வைக்காமல் இருந்திருந்தால் 9,52,381 யூரோ வந்திருக்கும், வந்தது 8,91,608. இந்த 60,773 யூரோ வித்தியாசத்தைத்தான் உங்கள் குழு நட்டம் என்கிறது. ஆனால் அதே 10 லட்சம் டாலர் விலைப்பட்டியலின் (இன்வாய்ஸ்) யூரோ மதிப்பு அதே அளவு உயர்ந்திருக்கிறது. ஒரு தட்டை மட்டும் பார்த்துத் தராசு சாய்ந்துவிட்டது என்பது போன்ற வாதம் இது. உங்கள் நிறுவனம் அந்த ஆர்டரை ஏற்றபோது எந்த விலையில் லாபம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டதோ, அந்த லாபம் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் காப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. இதைக் குழுவிடம் சொல்லும்போது, டாலர் சரிந்து ஒரு யூரோ 1.20 டாலர் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். அப்போது விற்று வைக்காத நிறுவனத்துக்கு 8,33,333 யூரோதான் வந்திருக்கும். உங்கள் ஆர்டரில் லாப விகிதம் எட்டு சதவீதம் என்றால், அதில் பெரும்பகுதியை நாணயமே தின்றிருக்கும்.

எதையும் விற்று வைக்காமல் இருப்பதும் ஒரு நிலைப்பாடுதான். டாலர் சரியாது என்று பந்தயம் கட்டுவதற்குச் சமம். 1982இல் மூடப்பட்ட பிரிட்டனின் லேக்கர் ஏர்வேஸை இங்கே நினைவுகூரலாம். அதன் வருவாயில் பெரும்பகுதி ஸ்டெர்லிங்கில். விமானங்கள் வாங்கிய கடன் டாலரில். டாலர் வலுத்தபோது, மந்தநிலையும் கட்டணப் போட்டியும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்த நிறுவனத்தால் அந்தக் கடனைத் தாங்க முடியவில்லை.

எவ்வளவு விற்று வைப்பது என்பதற்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் டாலரில் வாங்கும் பொருள்கள் எவை என்று பார்த்து அவற்றை வரவிலிருந்து கழித்து, நிகரத் தொகைக்கு மட்டும் காப்புத் தேடுவேன். விலைப்பட்டியல் அனுப்பியாகிவிட்ட தொகையை ஏறத்தாழ முழுமையாகவும், உறுதியான ஆர்டர்களை முக்கால் பங்கும், வெறும் மதிப்பீடாக இருக்கும் அடுத்த ஆண்டு விற்பனையில் கால் பங்கும் விற்று, மாதம் நெருங்க நெருங்கக் கூட்டிக்கொண்டு போவேன். மதிப்பீட்டை நம்பி முழுவதையும் விற்பவர்கள் 2020ஐ மறந்துவிட்டார்கள் என்பேன். அந்த ஆண்டு விமானங்கள் பறக்காமல் நின்றபோது, எரிபொருள் தேவை மறைந்துபோய், அதற்காக எடுத்த ஒப்பந்தங்கள் மட்டும் விமான நிறுவனங்களின் கையில் நட்டமாக எஞ்சின.

மிதவை

முன்பேரம் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நான் வங்கியின் பக்கம் அமர்ந்து இந்த ஒப்பந்தங்களை விற்றவன். ஆகவே அந்த "கட்டணமே இல்லாத" திட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆப்ஷன் என்பது கடமை இல்லாத உரிமை. ஒரு குறிப்பிட்ட விலையில் டாலரை விற்கும் உரிமையை வாங்கினால், டாலர் சரிந்தால் அதைப் பயன்படுத்தலாம். வலுத்தால் விட்டுவிட்டுச் சந்தை விலையில் விற்றுக்கொள்ளலாம். இதற்குப் பிரீமியம் முன்பணமாகக் கட்ட வேண்டும். காலம் நீளும்போதும் சந்தை அலைபாயும்போதும் அது கூடும். நீங்கள் டெண்டரில் விலை சொல்லிவிட்டு ஆர்டர் கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்கும் மாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அந்த நிலையில் ஃபார்வர்டு எடுத்தால், ஆர்டர் கைநழுவிய பிறகும் டாலரை ஒப்படைக்கும் கடமை மட்டும் நிற்கும்.

பிரீமியம் கட்ட மனமில்லாதவர்களுக்காக உருவானது காலர். 1.15 விலையில் டாலரை விற்கும் உரிமையை வாங்கி, அதற்கு ஈடாக 1.09 விலையில் உங்களிடமிருந்து டாலரை வாங்கும் உரிமையை வங்கிக்கு விற்கிறீர்கள். இரண்டு பிரீமியமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சந்தை விலை இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தால் அந்த விலையே உங்களுக்கு. அப்பால் போனால் எல்லை விலை. இது நேர்மையான ஒப்பந்தம். ஆனால் ஃபார்வர்டைவிட நல்ல விலை தருகிறோம், கட்டணமும் இல்லை என்று ஒருவர் சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இதில் நாங்கள் உங்களுக்கு எதை விற்கிறோம்?" பெரும்பாலும் விடை, டாலர் வலுக்கும்போது இரண்டு மடங்குத் தொகையை ஒப்படைக்கும் கடமை என்பதாக இருக்கும், அல்லது குறிப்பிட்ட எல்லையைத் தொட்டதும் உங்கள் காப்பு மட்டும் காணாமற்போகும் நிபந்தனையாக இருக்கும்.

தென் கொரியாவில் சிறு, நடுத்தர ஏற்றுமதியாளர்கள் பலர் 2008க்கு முன் வாங்கிய "கிகோ" ஒப்பந்தங்கள் இந்த இரண்டும் சேர்ந்தவை. கொரிய நாணயமான வோன் வலுக்கும் என்ற எண்ணத்தில் அவற்றில் கையெழுத்திட்டார்கள். நிதி நெருக்கடியில் வோன் சரிந்தது. கையில் இருந்த டாலரைவிட அதிகமான டாலரைச் சந்தையைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்கும் கட்டாயம் வந்தது. நல்ல ஆர்டர்களோடு இருந்த நிறுவனங்கள்கூட இதில் நிலைகுலைந்தன. அதே ஆண்டு ஹாங்காங்கின் சிட்டிக் பசிபிக், ஆஸ்திரேலியச் சுரங்கச் செலவுக்காக என்று தொடங்கிய ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தங்களில், உடனடித் தேவையைப்போலப் பல மடங்கு வாங்கும் கடமையை ஏற்று, அந்த நாணயம் விழுந்தபோது பெருநட்டம் கண்டது. புராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற பெரிய நிறுவனமே, வட்டிச் செலவைக் குறைப்பதற்காகச் செய்த நெம்புகோல் ஸ்வாப்களால் (விகித மாற்றத்தின் விளைவைப் பல மடங்காக்கும் ஸ்வாப்கள்) 1994இல் வரிக்கு முன் 15.7 கோடி டாலர் நட்டத்தை அறிவித்தது. இவை எதையும் இடர்காப்பின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். தொகையிலும் வடிவத்திலும் தொழிலின் தேவையை ஒத்திராத ஒப்பந்தங்களுக்கு இடர்காப்பு என்ற பெயரை ஒட்டியதன் விளைவு.

முன்பேரம் தொடாத ஒன்று உண்டு. காப்பு கணக்கில் சரியாக இருந்தாலும் ரொக்கத்தில் கழுத்தை நெரிக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் பிணைய ஷரத்து (ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தால் ஈடாகப் பணம் வைக்கும் கடமை) இருந்தால், டாலர் வலுக்கும்போது வங்கி இன்றே ரொக்கம் கேட்கும். அதை ஈடுகட்டும் டாலரோ வாடிக்கையாளரிடமிருந்து எட்டு மாதம் கழித்துத்தான் வரும். 1993இல் ஜெர்மனியின் மெட்டால்கெசெல்ஷாஃப்ட், நிலையான விலையில் பல ஆண்டுகளுக்கு எண்ணெய் வழங்க ஒப்புக்கொண்டு, அதைக் குறுகிய கால ஃபியூச்சர் ஒப்பந்தங்களால் (சந்தையில் வர்த்தகமாகும் ஃபார்வர்டு போன்றவை) காத்தது. எண்ணெய் விலை இறங்கியதும், நட்டத்துக்கு ஈடாக உடனே வைக்க வேண்டிய மார்ஜின் பணம் கட்டிக் கட்டி முடியாமல், ஏறத்தாழ 130 கோடி டாலர் நட்டத்தோடு நிலைகளை மூட நேர்ந்தது. அந்தக் காப்பு அடிப்படையில் சரியா தவறா என்று பொருளியலாளர்கள் பின்னர் நீண்ட காலம் விவாதித்தார்கள். ரொக்கம் தீர்ந்தவனுக்கு அந்த விவாதத்தால் என்ன பயன்? வங்கியோடு டெரிவேட்டிவ்களுக்காகச் செய்யும் பொது ஒப்பந்தமான இஸ்டா ஒப்பந்தத்தின் பின்னிணைப்புகளை வழக்கறிஞரிடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் படியுங்கள்.

இருப்புநிலை

இருவருக்கும் நன்றி. மிதவை சொன்ன கேள்வியை இன்று அந்த வங்கியிடம் அப்படியே கேட்டேன். ஒரு யூரோ 1.06க்குக் கீழே இறங்கினால் நாங்கள் இரண்டு மடங்கு டாலரை ஒப்படைக்க வேண்டும் என்ற ஷரத்து, விளக்கக் குறிப்பின் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. அலுவலர் அதை மறைக்கவில்லை. நான் கேட்கும் வரை சொல்லவில்லை, அவ்வளவே.

தராசு உதாரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு தட்டு மட்டும் ஏன் எங்கள் காலாண்டுக் கணக்கில் தெரிந்தது? ஃபார்வர்டின் நட்டம் வந்த காலாண்டில் அதை ஈடுகட்டும் லாபம் எங்கும் இல்லையே. குழுவினர் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான்.

பேரேடு

நான் தணிக்கையாளர், இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தருகிறேன். டெரிவேட்டிவ் ஒப்பந்தத்தை ஒவ்வொரு கணக்கு நாளிலும் அன்றைய சந்தை மதிப்பில் காட்ட வேண்டும். மதிப்பின் மாற்றம் பொதுவாக நேரே லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஆனால் அந்த ஒப்பந்தம் காக்கும் விற்பனையோ இன்னும் நடக்கவில்லை. நடக்காத விற்பனைக்குப் புத்தகத்தில் இடமில்லை. ஆகவே ஒரு தட்டு இந்தக் காலாண்டிலும் மற்றது அடுத்த ஆண்டிலும் தெரிகின்றன. நிகழ்ந்தது காலப் பொருத்தமின்மை.

இதைச் சரிசெய்யவே ஹெட்ஜ் கணக்கியல் என்ற விதிமுறை இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரத்தின்படி, எதிர்கால டாலர் விற்பனைக்கான ஃபார்வர்டைப் பணப்பாய்வுக் காப்பாக அறிவித்தால், மதிப்பு மாற்றத்தின் பயனுறு பகுதி (காக்கப்படும் தொகையின் மாற்றத்தை உண்மையில் ஈடுகட்டும் பகுதி) லாப நட்டக் கணக்குக்குப் போகாமல், அதற்கு வெளியே உள்ள பிற விரிவான வருமானத்தில் காத்திருக்கும். விற்பனை பதிவாகும் காலாண்டில் அதோடு சேர்ந்து வரும். உங்கள் நிறுவனம் இதைச் செய்யவில்லை என்றே ஊகிக்கிறேன். காப்பு எடுக்கும் நாளிலேயே, எந்த விற்பனைக்கு எந்த ஒப்பந்தம், என்ன விகிதம், ஏன் என்ற ஆவணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னோக்கி எழுதி முன்தேதியிட முடியாது. எதிர்கால விற்பனை நிகழ்வதற்கு மிக அதிக வாய்ப்பும் இருக்க வேண்டும். பழைய தரமான ஐஏஎஸ் 39இல் இருந்த, காப்பு 80 முதல் 125 சதவீதம் ஈடுகட்ட வேண்டும் என்ற கறாரான அளவுகோல் ஐஎஃப்ஆர்எஸ் 9இல் இல்லை. காப்புக்கும் காக்கப்படுவதற்கும் இடையே பொருளாதார உறவு இருப்பதைக் காட்டுவதே முதன்மை.

அந்த இரண்டு மடங்குத் திட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. நிகர நோக்கில் ஆப்ஷன் விற்பதாக அமையும் ஒப்பந்தத்தைக் காப்புக் கருவியாக இந்த விதிகள் ஏற்பதில்லை. கணக்கியல் விதி வணிக அறிவோடு ஒத்துப்போகும் அரிய இடங்களில் இதுவும் ஒன்று.

முன்பேரம்

கடன் பற்றி எவரும் எழுதாததால் நானே தொடர்கிறேன். ஸ்வாப் எடுத்தால் நீங்கள் வங்கிக்கு நிலையான வட்டி, எடுத்துக்காட்டாக 2.6 சதவீதம், கட்டுவீர்கள். வங்கி உங்களுக்கு யூரிபோர் தரும். அந்த யூரிபோர் நேரே கடனுக்குப் போய்விடும். கடனின் 1.5 சதவீதத்தையும் சேர்த்து மொத்தம் 4.1 சதவீதத்தில் உங்கள் வட்டி நின்றுவிடும். அசல் கைமாறுவதில்லை, வட்டி வித்தியாசம் மட்டுமே கைமாறும். இத்தகைய பரிமாற்றங்கள் பரவலானது 1981இல் உலக வங்கியும் ஐபிஎம்மும் செய்துகொண்ட நாணய ஸ்வாப்புக்குப் பிறகு என்று பொதுவாகச் சொல்வார்கள்.

தேவையா என்று முடிவெடுக்கும் முன், வட்டி உயர்ந்தால் உங்கள் நிறுவனத்தால் தாங்க முடியுமா என்று பாருங்கள். 2022 ஜூலை வரை −0.5 சதவீதமாக இருந்த ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு விகிதம், 2023 செப்டம்பரில் 4 சதவீதத்தைத் தொட்டது. 2 கோடி யூரோ கடனில் 4.5 சதவீதப் புள்ளி உயர்வு என்றால் ஆண்டுக்கு 9 லட்சம் யூரோ. அதை உங்கள் செயல்பாட்டு லாபத்தோடு வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். முழுக் கடனையும் நிலைப்படுத்த வேண்டும் என்பதில்லை. பொருளாதாரம் சூடாக இருக்கும்போது உங்கள் ஆர்டர்களும் வட்டியும் சேர்ந்தே உயரும் என்றால், ஒரு பகுதியை மிதக்க விடுவதே காப்பாக அமையும். நானாக இருந்தால் பாதிக்குச் சற்று மேல் நிலைப்படுத்துவேன்.

ஸ்வாப்பின் தொகை கடனின் தவணை அட்டவணையோடு படிப்படியாகக் குறைய வேண்டும். யூரிபோர் எடுக்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றைவிடப் பலர் கோட்டைவிடுவது பூச்சிய வரம்பு. கடன் ஒப்பந்தத்தில் "யூரிபோர் பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியமாகக் கொள்ளப்படும்" என்று இருக்கும், ஸ்வாப்பில் இருக்காது. யூரிபோர் −0.5 சதவீதம் ஆனால், கடனுக்கு 1.5 சதவீதம் கட்டுவீர்கள், ஸ்வாப்பில் 2.6 சதவீதத்தோடு, எதிர்மறையான 0.5 சதவீதத்தையும் நீங்களே கட்டுவீர்கள். மொத்தம் 4.6 சதவீதம். மூன்று மாத யூரிபோர் 2015 முதல் 2022 வரை பூச்சியத்துக்குக் கீழே கிடந்தது என்பதால் இது கற்பனை இல்லை. ஸ்வாப்பிலும் அதே வரம்பைச் சேர்க்கக் கேட்டால், அந்தப் பாதுகாப்புக்காக நிலையான விகிதம் சற்று உயரும்.

கடனை முன்கூட்டியே அடைக்கும் எண்ணம் இருந்தால் ஸ்வாப் தனியே எஞ்சும். அதை அன்றைய சந்தை மதிப்பில் மூட வேண்டும், அது உங்களுக்குப் பாதகமாகவும் இருக்கலாம். அப்படியானால், வட்டி ஓர் எல்லையைத் தாண்டினால் மிகுதியை வங்கி ஈடுகட்டும் கேப் என்ற ஒப்பந்தமே மேலானது. பிரீமியம் கட்டியதோடு உங்கள் கடமை முடிந்துவிடும்.

இருப்புநிலை

கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பூச்சிய வரம்பு இருக்கிறது, வங்கி அனுப்பிய ஸ்வாப் முன்வரைவில் இல்லை. தவணை அட்டவணையும் பொருந்தவில்லை: கடன் ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறைகிறது, ஸ்வாப் ஆண்டுக்கு ஒரு முறை. இரண்டையும் திருத்தி விலை சொல்லும்படி கேட்டிருக்கிறேன். டெண்டர் நிலையில் உள்ள இரு பெரிய ஆர்டர்களுக்குச் சாதாரண ஆப்ஷனுக்கான விலையும் வாங்கிவருகிறேன். இயக்குநர் குழுவுக்கான குறிப்பில், கடந்த ஆண்டின் ஒவ்வொரு ஃபார்வர்டுக்கும் எதிரே அது காத்த விலைப்பட்டியலை வைத்து இரு தட்டுகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் அட்டவணை தயாராகிறது. பதினான்கு ஒப்பந்தங்களில் பன்னிரண்டுக்கு இணை கிடைத்துவிட்டது. மீதி இரண்டுக்கு எதிரே எந்த ஆர்டரும் இல்லை. அவற்றைப் பற்றி மட்டும் குழு சொன்ன சொல் சரி என்று நானே எழுத வேண்டியிருக்கும்.